ஒரு மணி ஐந்து நிமிடம்

முப்பந்தலுக்குக் கிழக்கே, காற்றாலைகளுக்கு நடுவில்
பெயர்ப்பலகை இல்லாத ஓர் இசக்கி.
கொடைக்குப் போயிருந்தேன், காமிராவோடு.
கொச்சியில் கண்காட்சி. 'அறிவும் அருளும்' என்று
தலைப்பை அவர்களே வைத்துவிட்டார்கள்.

ஆடிக்காற்றில் வில்லுப்பாட்டுக்காரியின் குரல்
பாதி எங்களுக்கு, பாதி பணகுடிக்கு.
அவள் முடியை அள்ளிக் கட்டினாள்.
செல்போனைத் தங்கையிடம் கொடுத்தாள்.
அதையும் எடுத்தேன்.
பிறகு குடத்தில் அடி மாறியது.

ஷட்டரை இறக்கினேன், எட்டில் ஒன்று வரை.
அந்த இருட்டில் வேறு வழியில்லை.
மஞ்சள் கை ஒன்று ஐந்தாக விழுந்தது,
முகம் இருக்கவேண்டிய இடத்தில் புகை.
வேப்பிலை தெளிவு.
பின்னால் காற்றாலை உச்சியின் சிவப்பு விளக்கு
ஆணி அடித்த மாதிரி.
முந்நூற்றுப் பன்னிரண்டு படங்கள்.
கடைசிப் படத்தில் சோடா குடிக்கிறாள்.

அடுத்த வாரம் ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரி,
எக்ஸ்ரே அறை, வெள்ளைக் கோட்டில் செண்பகவடிவு.
கவரைப் பிரித்தவள் கைப்பழக்கத்தில்
படத்தை லைட் பெட்டியில் செருகினாள்.
கெட்டிக் காகிதம். வெளிச்சம் ஊடுருவவில்லை.
சிரித்துக்கொண்டே ஜன்னல் பக்கம் திருப்பினாள்.

"அசைஞ்சிருக்கு.
எங்க கணக்குல இது ரிப்பீட்டு."

ஷட்டர், வெளிச்சக் குறைவு, தாளம், மூளை என்று
ஆரம்பித்தேன்.
"தெரியும் சார். நானும் பிசிக்ஸ்தான்.
இதுல மணி இருக்குமா?"

பதினொன்று நாற்பத்தேழிலிருந்து
பன்னிரண்டு ஐம்பத்திரண்டு வரை.

விரல் மடக்கினாள்.
"ஒரு மணி அஞ்சு நிமிசம்.
எங்கிட்ட அது இல்ல. உங்ககிட்ட இருக்கு."
கடன் கொடுத்தவள் பார்ப்பதுபோல் என் பையைப் பார்த்தாள்.
"முடி கட்டுறது இருக்குல்லா, அதத் தாங்க.
சோடா குடிக்கதும்.
நடுவுல உள்ளது எனக்குள்ளது இல்ல.
கேட்டுட்டுத்தான் மாட்டணும்."
"யார்ட்ட?"

டோக்கன் நாற்பத்தொன்று.
குளச்சல் பக்கத்து ஆள், வெயிலில் வெந்த தோள்,
கழுத்தில் வெந்திங்கம்.
"கழத்துங்க, படத்துல விழும்."
"விழட்டுமே" என்றார்.
அவள் வாதாடவில்லை. கயிற்றோடு சேர்த்து
முதுகுப் பக்கம் ஒதுக்கிவிட்டாள்.

நான் வராந்தாவுக்கு வந்தேன்.
கதவு சாத்தியது. மேலே சிவப்பு விளக்கு.

"மூச்ச இழுத்துப் பிடிங்க.
அசையாதீங்க."

என்னிடமல்ல.
பிடித்துக்கொண்டு நிற்கிறேன்.
விடலாம் என்று
இன்னும் அவள் சொல்லவில்லை.