நாலு பேருக்கு எத்தனை புள்ளி

வாங்கியது எட்டுப் பேர்.
பிரிட்டிஷ் காலாட்படை. துப்பாக்கியைத் தொடையோரம்
தாழ்த்திப் பிடித்து முன்னேறும் நிலை.
ஒவ்வொருவனும் என் கட்டைவிரலின் மேற்கணு உயரம்,
ஈயமும் வெள்ளீயமும்.
எட்டுப் பேருக்கும் ஒரே மீசை.

எனக்கு வேண்டியது நாலு பேர்.
மீதி, கை தவறினால்.

பகலில் மாரிட்ஸ்பர்க்கில் ஒரு மாடியறையில்
பிறர் வாய்க்குப் பல் செய்கிறவள் நான்.
இரவில் அதே ரம்பம், அதே துளைப்பான்,
அதே பூதக்கண்ணாடி.

முதலில் துப்பாக்கி.
குழலை வெட்டுவது சுலபம்.
முஷ்டியை விட்டுவைத்து
அதற்குள் இருக்கும் கட்டையை எடுப்பதுதான் பாடு.
எது விரல், எது மரம் என்று அச்சுக்குத் தெரியாது.
மூன்றாமவனின் பெருவிரல் அரத்தோடு போய்விட்டது.
அவனை அப்படியே வைத்துக்கொண்டேன்.

எல்லோரும் வலக்கைக்காரர்கள்.
ஸ்ட்ரெச்சரின் அந்தப் பக்கத்துக்கு
இரண்டு இடக்கை வேண்டும்.
மணிக்கட்டில் அறுத்து, முஷ்டியைத் திருப்பி,
பித்தளைக் கம்பி செருகி ஒட்டினேன்.
துப்பாக்கி இருந்த துளையில்
கழி சரியாக நின்றது.

தொப்பியா, தலைப்பாகையா?
பார்த்த ஒரே புகைப்படம் மங்கிக் கிடந்தது.
மஞ்சள் மாவும் நீல மாவும் பிசைந்து
வந்த பச்சையை நூலாய் உருட்டி
இரண்டு பேருக்குச் சுற்றினேன்.
இரண்டு பேருக்கு வெறுந்தலை.
பூட்ஸை மட்டும் தொடவில்லை.
வெறுங்காலோடு போனார்களோ என்னவோ,
இருக்கட்டும், அது கல்லுக் குன்று.

'தோல்' என்று எழுதிய பெயிண்ட் புட்டியில் இளஞ்சிவப்பு.
நான் 'சேணம்' என்று எழுதியதைத் திறந்தேன்.

மீசையை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

ஐந்தாமவனை முழங்காலில் வெட்டிப்
படுக்கவைத்துக் கம்பளி போர்த்தினேன்.
அவனும் அதே அச்சு.

ஞாயிறு, பௌலிங் கிளப்பின் பின்கூடம்.
ஹென்னி வொஸ்லூ, ரயிலோட்டி ஓய்வுபெற்றவர்,
எப்போதும் போயர் பக்கம்.
துகேலாவைப் பார்த்த குன்று, தெர்மகோலில்.
விதிப்புத்தகத்தைப் புரட்டிவிட்டுக் கேட்டார்:
சவுந்தி, இந்த நாலு பேருக்கு எத்தனை புள்ளி?
சைபர்.
சுடுவார்களா?
மாட்டார்கள்.
அப்புறம் எதற்கு?

கடைசியில் தூக்க நாலு பேர் வேண்டும் என்பார் அம்மா,
அக்கம்பக்கத்தில் சண்டை போடாதே என்பதற்கு.
அதை ஆங்கிலத்தில் சொல்ல வரவில்லை.
தூக்க, என்றேன்.

உன் பாட்டன் யாராவது இதில் இருந்தாரா?
இல்லை. அவர் டோங்காட்டில் கொதிகலன் பார்த்தார்.

வெறுங்கையோடு ஆறு அங்குலம்,
சுமையோடு நாலு என்று எழுதிக்கொண்டோம்.

ஐந்தாம் சுற்றில் அவர் துப்பாக்கிக்காரன்
நேர்கோட்டில் வந்தான்.
ஹென்னி பகடையை வெகுநேரம் குலுக்கினார்.
போட்டார்.
ஆறு.

பெருவிரல் இல்லாதவன் செத்தான்.
கழியோடு ஒட்டியிருந்ததால் எடுக்க முடியவில்லை.
தலைமேல் ஒரு சட்டைப் பொத்தான் வைத்தோம்.
செத்தும் தூக்கினான்.
'மூன்று பேர் என்றால் இரண்டு அங்குலம்'
என்றார் ஹென்னி, என்னைப் பார்க்காமல்.

எட்டாம் சுற்று. குன்று அவருக்கு.
கை குலுக்கினோம். காப்பி ஆறியிருந்தது.
அப்போதுதான் மின்சாரம் போனது.

மேசை விளிம்புக்கு
இன்னும் ஏழு அங்குலம் இருந்தது.

ஆட்டம் முடிந்துவிட்டது என்று
இரண்டு பேரும் சொல்லவில்லை.
அவர் போனில் வெளிச்சம் பிடித்தார்.
நான் அளவுநாடா வைத்தேன்.
இரண்டு.
இரண்டு.
இரண்டு.
பிறகு ஒன்று.

என் பெட்டியின் பஞ்சில் வெட்டிய குழிகள்
ஒவ்வொன்றும் ஓராளுக்கு.
சேர்ந்து நிற்பவர்களுக்கு இடமில்லை.
காரில் திருமதி தம்பிரானின் கீழ்த்தாடை அச்சு
வந்த அட்டைப்பெட்டி காலியாய்க் கிடந்தது.
அதில் நிறுத்தி, பக்கத்து இருக்கையில் வைத்து
பெல்ட் போட்டேன்.

தெருவிளக்கும் இல்லை.
வேகத்தடைகளில்
இரண்டு அங்குலம், இரண்டு அங்குலமாக.