மஞ்சள் கோடு

பட்டறைத் தரையில் ஒரு மஞ்சள் கோடு.
நான்தான் போட்டேன்,
பண்ணைக்காட்டு பெயின்ட் கடையில்
அரை லிட்டர் டப்பா வாங்கி.
கோட்டுக்கு இந்தப் பக்கம் இலை முத்திரை.
அந்தப் பக்கம் வளைய முத்திரை.

மரம் ஒன்றுதான்.
மன்னவனூர்ச் சரிவில்
பொம்முராசு அறுத்துச் சாய்த்த சீகை.
அடித்துண்டு இலைக்கு,
மேல்துண்டு வளையத்துக்கு.
ஜெர்மனிக்குப் போகும் கரண்டிகள் இலை கேட்கின்றன,
பெங்களூருக்குப் போகிறவை வளையம் கேட்கின்றன.
குழம்பு எதையும் கேட்பதில்லை.

இலைக்காரர் செவ்வாய்க்கிழமை வந்தார்.
மெல்கியோர் என்று பெயர். மழைக்கோட்டு. நல்ல மனிதர்.
'வெட்டியதற்கு ஈடாக எத்தனை நட்டீர்கள்?'
நடவில்லை சார்.
இனி வரக்கூடாது என்றுதான் வெட்டுகிறோம்.
புல்வெளியாக இருந்த மலை இது.
தோல் பதனிடப் பட்டை வேண்டுமென்று
யாரோ எப்போதோ கொண்டுவந்த விதை
இன்று சோலையின் வாசல்வரை வந்து நிற்கிறது.
ஒன்றை வெட்டினால் பத்தாய் எழுகிறது.
நடுவதற்கு ஆள் வேண்டாம்,
பிடுங்கத்தான் கூலி.
அவர் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினார்.
பிடுங்கியதற்குக் கட்டம் இல்லை.
'பூஜ்யம் என்று போட்டுக்கொள்ளட்டுமா?'

வளையத்துக்கு ஊர்மிளா, வியாழக்கிழமை.
அவர் கேள்வி வேறு.
'நாட்டு மரமா, அயல் மரமா?'
அயல்.
'பெருகாமல் தடுக்க என்ன திட்டம்?'
வெட்டுவதுதான் மேடம் திட்டம்.
'அதை ஆங்கிலத்தில் நாற்பது பக்கம் எழுதித் தர முடியுமா?'

எழுதினேன், ஒரே இரவில்.
கரண்டிக்கு எங்களுக்கு நிற்பது நாலு ரூபாய்.
நாற்பது பக்கத்துக்கு எத்தனை கரண்டி என்று
உப்புத்தாளைக் கீழே வைத்துவிட்டு
சவரியாயி விரல் மடக்கினாள்.
பாதியில் விட்டுவிட்டு
மறுபடி தேய்க்கத் தொடங்கினாள்.

இரண்டு தணிக்கைக்கும் கட்டணம்,
இரண்டு கட்டணத்துக்கும் ஜி.எஸ்.டி.
இலைத் தூளும் வளையத் தூளும் கலக்கக்கூடாதாம்.
கலக்கிறது.
கீழ்மலைக் காற்று ஏறிவரும் நாட்களில்
தூள் முழுக்க ஒரே மூலையில் போய்ச் சேர்கிறது.
மஞ்சு உள்ளே நுழைந்தால்
கோடே தெரிவதில்லை.
நீள மீசை வண்டு ஒன்று
இந்தப் பக்கப் பலகையைத் தின்று முடித்து
நடந்தே அந்தப் பக்கம் போனது.
பார்த்துக்கொண்டிருந்தேன். பதிவேட்டில் எழுதவில்லை.

முத்திரையே வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.
இரவு பதினொன்றுக்கு மேல்
எங்கள் வளைவில் விளக்கணைத்து இறங்கும் லாரிகளை
எஞ்சின் ஓசையிலேயே எனக்குத் தெரியும்.
தார்ப்பாய்க்குள் சீகை இருக்காது.
அந்த ஓசைக்கு எதிராகத்தான்
நாற்பது பக்கம் எழுதினேன் என்று
எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.
சில நாள் நம்புவேன்.

வெள்ளிக்கிழமை குளிர் எலும்பைத் தொட்டது.
இருவரும் பூம்பாறைச் சாலையில்
ஒரே விடுதியில் தங்கியிருந்தார்கள்,
காலை இட்லிக்குத் தனித்தனி மேசை.
ராத்திரி விடுதிக்காரர் போன் செய்தார்:
'அக்கா, தீ மூட்ட விறகு தீந்துபோச்சு.
கழிவுத் துண்டு ஏதும் கிடக்கா?'
கோட்டுக்கு இரண்டு பக்கமும் அள்ளி
ஸ்கூட்டரில் இரண்டு கட்டு கொண்டுபோனேன்.

முற்றத்தில் இரும்புச் சட்டி,
பிளாஸ்டிக் நாற்காலிகள்,
நெருப்பின் முன் நான்கு உள்ளங்கைகள்.
எங்கிருந்து வந்த கட்டை என்று
யாரும் கேட்கவில்லை.
காய்ந்த சீகை நன்றாக எரியும்.
மெல்கியோர் நாற்காலியைக் கொஞ்சம் நகர்த்தி
எனக்கும் இடம் விட்டார்.
உட்கார்ந்தேன்.

திரும்பி வந்து பில் எழுதினேன்:
விறகு, இரண்டு கட்டு, நூற்றறுபது ரூபாய்.
நகலை எந்தக் கோப்பில் வைப்பதென்று தெரியாமல்
பெயின்ட் டப்பாவுக்கு அடியில்
செருகி வைத்தேன்.