பெயரில்லாப் பொத்தான்

பாலக்கோட்டில் டயர் கடைக்கு மேலே ஒற்றை அறை.
அங்கேதான் செய்து முடித்தேன்
தக்காளி மண்டிக்கு ஓர் இணையதளம்.
விலை ஏறினால் பச்சை. இறங்கினால் சிவப்பு.
பார்த்தவர்கள் எல்லாரும் நல்லா இருக்குதென்றார்கள்.

பார்த்தவர்கள்.

கவுரம்மா காதில் வைத்துக் கேட்டார்.
எழுபது பெட்டி எண்ணி ஏற்றிவிட்டு வந்த கை,
விரலிடுக்கில் இன்னும் காம்பின் வாசம்.
அவர் செல்பேசி பேசும் வேகத்தை
என் காது எட்டிப் பிடிக்கவில்லை.
"கொஞ்சம் குறைக்கிறேன், நீயும் கேளு."

படம்.
படம்.
பொத்தான்.
பெயரில்லாப் பொத்தான்.
ஐ எம் ஜி அடிக்கோடு இரண்டு பூஜ்யம் நான்கு ஏழு.
பெயரில்லாப் பொத்தான்.

"இதுல எதை அமுக்கினா சரக்கு போகும்,
எதை அமுக்கினா மானம் போகும்?"
சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.
போன ஆடியில் வேறெங்கோ எதையோ அமுக்கி
ஒரு லோடு ரத்தானதை
சிரிக்காமல் சொன்னார்.

"இருபத்திரண்டுங்குது. ஏறிச்சா, இறங்கிச்சா?"
பச்சையா இருக்குதுக்கா.
"பச்சைன்னா காய், சிவப்புன்னா பழம்.
தலைகீழா வச்சிருக்கியே தம்பி."

எடை போட்டுக்கொண்டிருந்த திம்மராயன்
அப்போதுதான் வாயைத் திறந்தார்:
தனக்கு இரண்டும் ஒரே நிறம்தானாம்,
பிறந்ததிலிருந்து.
பழுத்ததா என்பதைக் கட்டைவிரல் சொல்லுமாம்.
இருபது வருஷமாய் யாரும் கேட்கவில்லை,
அவரும் சொல்லவில்லை.

அன்றிரவு பொத்தான்களுக்குப் பெயர் வைத்தேன்.
அனுப்பு. ரத்து செய். திரும்பு.
விலைக்குப் பக்கத்தில் ஒரு சொல், ஏற்றம்.
மொத்தமும் முக்கால் மணி நேர வேலை.
அதுதான் தூங்கவிடவில்லை.

மிச்சம் படம் ஒன்று.
அதற்கு மாற்றுரை எழுத ஒரு கட்டம்,
முதல் நாளிலிருந்தே காலி.
'தக்காளி' என்று நிரப்பினேன்.
காலையில் கவுரம்மா: "எந்தத் தக்காளி?"

நான் போட்ட படத்தை
அன்றைக்குத்தான் நான் பார்த்தேன்.
நீலப் பிளாஸ்டிக் பெட்டி.
மேல்வரிசை பழம், அடியில் செங்காய்.
இடது மூலையில் ஒன்று வெடித்து விதை தெரிகிறது.
ஓரத்தில் யாருடையதோ பாதிக் கை,
மணிக்கட்டில் ரப்பர் பேண்ட் இரண்டு.
அத்தனையும் எழுதினேன்.

கடைசிவரை கேட்டுவிட்டுச் சொன்னார்:
"அந்த வெடிச்சதை எடுத்துப் போட்டுட்டுல்ல
படம் புடிச்சிருக்கணும்."