நோபடிக்குப் பஞ்சிங் கார்டு இல்லை

இரவு பதினொன்றேகால்.
காலேஜ் ரோட்டில் கடைசி மினி பஸ்ஸும் போயாயிற்று.
மாடியில் நானும் கம்ப்யூட்டரும்,
கீழே நைட் ஷிப்டின் ஓவர்லாக் இரைச்சல்.
ஹாம்பர்க்கிலிருந்து ஒரே ஒரு வரி:
டிட் எனிபடி செக்?

கூடவே ஒரு போட்டோ.
இரண்டு வயதுக் குழந்தைக்கான மஞ்சள் பனியன்,
கழுத்துப் பட்டியில் உடைந்த ஊசியின் நுனி.
பக்கத்தில் ஸ்கேல் வைத்திருக்கிறார்கள்.
மூன்று மில்லிமீட்டர்.

எனிபடி கேள்வியில் குடியிருப்பவன்,
'ஆராச்சும் பாத்தீங்களா'வில் வரும் ஆராச்சும்.
பதில் என்று உட்கார்ந்தால் நழுவி
சம்படி ஆகிவிடுவான், இல்லையென்றால் நோபடி.
மூவரும் ஒரே வீட்டுக்காரர்கள்,
ஷிப்ட் மட்டும் வேறு.

மேனேஜர் நாச்சிமுத்து போனில் வந்தார்,
ஊத்துக்குளி ரயில்வே கேட்டில் நிற்கிறாராம்.
"ஆரோ மறந்துட்டாங்கன்னு எழுதீரு கண்ணு.
பேரெல்லாம் எதுக்குங்க."
ஒரே மூச்சில் கண்ணும் 'ங்க'வும் வந்தால்
ஏதோ இருக்கிறது.

எழுதினேன்: சம்படி ஃபர்காட்.
ஆனால் அந்த யாரோ மறக்கவில்லை.
தூத்துக்குடி கண்டெய்னருக்கு நாலு மணி நேரம் இருக்கையில்
மெட்டல் டிடெக்டர் பெல்ட் மெதுவாகப் போகிறதென்று
சுவிட்சை அணைத்த கையில்
பச்சைக்கல் மோதிரம் இருந்தது.

அழித்தேன். நோபடி செக்டு.
இங்கேதான் எனக்கு எப்போதும் தடுமாற்றம்.
தமிழில் 'யாரும்' என்று தொடங்கினால்
வாக்கியத்தின் வால்வரை காத்திருக்க வேண்டும்.
யாரும் பார்க்க…
பார்க்கலாமா, பார்க்கவில்லையா,
அதுவரைக்கும் ஒரு நப்பாசை.
இங்கிலீஷில் 'இல்லை' முதலிலேயே வந்து
நாற்காலியில் உட்கார்ந்துகொள்கிறது.
பிளஸ் டூவில் 'நோபடி டிட் நாட் கம்' என்றெழுதி
ரெண்டு மார்க் விட்டேன்.
அப்படி எழுதினால் எல்லாரும் வந்துவிட்டார்களாம்.

இந்தக் கம்பெனியில் நோபடி செய்யாத வேலை கிடையாது.
லேடீஸ் டாய்லெட்டின் தாழ்ப்பாளைப் பிடுங்கியது,
ஓ.டி. கணக்கில் இரண்டு மணி நேரம் தின்றது,
எல்லாம் அவன்தான்.
பஞ்சிங் கார்டு மட்டும் இல்லை, பிடிக்க முடியாது.

பிறகு ஜி.எம். அனுப்பினார்:
எவ்ரிபடி ஆர் சாரி என்று போட்டுவிடு.
ஆர் இல்லைங்க சார், இஸ்.
எவ்ரிபடி ஒருமை.
முந்நூற்று நாற்பது பேர் இருந்தாலும்,
டெய்லர், கைமடி, அயர்ன், பேக்கிங் அத்தனையும் சேர்ந்தாலும்
வினை ஒருத்தர் தலையில்தான் இறங்கும்.
அந்த 'இஸ்'ஸைத் தட்டும்போதே தெரிந்தது
யார் தலையென்று.

செக்கிங் டேபிள் நாலு. தெய்வாத்தாள்.
படியூரிலிருந்து வருகிறவள்.
அன்றைக்கு ரெண்டு தரம் கேட்டாள்,
"மிசினு ஓடலீங்களே, ஆராச்சும் பாருங்க."
சேம்பிள் பீஸோடு அவளைத் தாண்டிப் போனேன்.
நானும் ஆராச்சும்தான்.

மறுபடி அழித்தேன்.
ஒன் ஆஃப் அஸ் ஸ்விட்ச்டு இட் ஆஃப்,
டு மீட் தி டேட்.
அஸ்.
நாங்களும் நாமும் அந்த ஒரு சொல்லுக்குள்
ஒரே பாயில் படுத்திருக்கிறார்கள்.
ஷிப்மென்ட்டை ஆறு நாள் முன்னால் இழுத்த
அவர்களுடைய மெயிலைத் தேடியெடுத்து
அடியில் சேர்த்தேன்.
எங்களில் ஒருத்தர் என்று படித்துக்கொள்வார்கள்.
நான் அனுப்பியது
நம்மில் ஒருத்தர்.

கீழே யாரோ ஒரு சுவிட்சை அணைத்தார்கள்.
எழுந்து போய்
கைப்பிடியில் சாய்ந்து எட்டிப் பார்த்தேன்,
யாரென்று.