பன்னிரண்டாவது ஜன்னல்

மார்ச் பதினொன்று. வில்யாண்டி.
சமையலறைக்கு வெளியே வெப்பமானி
பூஜ்ஜியத்துக்கு இரண்டு கோடு கீழே.
இன்னும் மூன்று வாரம், என்கிறான் ஆகோ.
வந்தாயிற்று, என்கிறேன் நான்.
தோற்றவர் வீட்டின் பதினொரு ஜன்னல்களையும்
துடைக்க வேண்டும் என்று பந்தயம்.

போன நவம்பரில் வாங்கிய வீடு.
சாவி கைக்கு வந்த அன்றே பனி கொட்டியது.
எங்கள் தோட்டத்தை நாங்கள்
இன்னும் பார்த்ததில்லை.
வெள்ளையாய்ச் சில மேடுகள், அவ்வளவுதான்.
ஒன்றைக் காட்டி, திராட்சைப் புதர் என்று
சத்தியமே செய்தான் ஆகோ.
பிப்ரவரியில் அதற்குச் சக்கரம் முளைத்தது:
யாரோ கவிழ்த்துப் போட்ட தள்ளுவண்டி.

சாட்சி காட்டு, என்றான்.

கூரை விளிம்பிலிருந்து சொட்டிய நீர்
பனியில் வரிசையாய்த் துளையிட்டிருந்தது,
ஊசி மட்டும் போய்
நூல் போகாத தையல் போல.
அது வெயில். வெயில் வேறு, வசந்தம் வேறு.

ஆப்பிள் மரத்தடியில் மட்டும்
பனி ஒரு முழம் விலகி நின்றது.
கையுறையைக் கழற்றி அடிமரத்தைத் தொட்டேன்.
சில்லென்றுதான் இருந்தது.
ஆனாலும் விலகித்தான் நின்றது.
ஆகோ பதில் சொல்லாமல் தேநீர் குடித்தான்.

பட்டாணிக் குருவி ஒன்று வேலியில் அமர்ந்து
துருப்பிடித்த அடிபம்பைப் போல
மேலே ஒரு சுரம், கீழே ஒரு சுரம்,
மேலே, கீழே,
தண்ணீர் வரும்வரை விடுவதாயில்லை.

பிறகு பூனை.
நான்கு மாதமாய் வெறும் ஈரக்காலோடு வந்து
அடுப்படியில் சுருண்டுகொள்ளும் நூர்ரி,
இன்று வெள்ளை ஓடுகளின் மேல்
கறுப்பாய் நடந்து போனது.
மண்!
நான் குனிந்து ஒரு தடத்தை முகர்ந்தேன்.
நாற்பத்தாறு வயதில்
தரையை முகரும் பெண்ணை மணந்திருக்கிறோமே என்று
அவன் முகத்தில் தெரிந்தது.
அதற்கப்புறம் அவனும் குனிந்தான்.
நாளெல்லாம் மர ஆலையில் பைன் தூளையே சுவாசித்த மூக்கு.
கொஞ்ச நேரம் நிமிரவில்லை.

பூனை வந்த வழியே போனோம்.
கொட்டகையின் தெற்கில், பனி மெலிந்த இடத்தில்,
பச்சை நுனிகள்.
பனிமணிப் பூக்கள், இன்னும் வாய் திறக்காதவை.
சிதறி அல்ல. இரண்டு வரிசையாய்,
நடுவே ஒரு ஆள் நடக்கும் அகலம்.
எங்கோ போகிற வரிசைகள்.
தொடர்ந்து போனால் வீட்டின் பின்சுவரில் முட்டுகின்றன,
அங்கே ஆளுயரத்துக்கு அடுக்கிய விறகில்.

சுவரைப் பார்த்தா ஒருத்தி பாதை போடுவாள்?
இந்த வீட்டை எங்களுக்கு விற்றவனின் அம்மா,
பத்திரத்தில் எல்ஃப்ரீடே என்று ஒரு பெயர், ஒரு பிறந்த தேதி.
அவளைப் பற்றி எங்களுக்கு வேறெதுவும் தெரியாது.
கிழங்கு கிழங்காய்க் குனிந்து நட்டிருக்கிறாள்
என்பது இப்போது தெரியும்.

ஆகோ முதல் கட்டையை எடுத்தான்.
பேசவில்லை. நானும் எடுத்தேன்.
எலிக்கூடு, பழுப்பு இலை, காலில்லாத கத்தரிக்கோல்.
அடிவரிசையின் இருட்டில் ஒரு பனிமணி
வெளிச்சம் படாமல் மஞ்சளாய் நீண்டு
விறகின் இடுக்கில் வழி தேடிக்கொண்டிருந்தது.
அதை மிதிக்காமல் சுற்றிப் போனோம்.

நடுப்பகலுக்குள் ஒரு கல்படி வந்தது.
படிக்கு மேலே கதவு.
கதவின் மேல்பாதியில் கண்ணாடி,
உள்பக்கம் எங்கள் ஊறுகாய் அலமாரியின் முதுகு.

ஆகோ உள்ளே ஓடினான்.
ஜாடிகள் நகரும் சத்தம், ஏதோ ஒன்று உடையும் சத்தம்,
அவன் திட்டும் சத்தம்.
பிறகு அந்தப் பக்கமிருந்து
விரல் முட்டியால் இரண்டு தட்டு.

பந்தயத்தில் ஜெயித்தவள்தான் நான்.
ஆனாலும் கோட்டுக் கையை இழுத்துப் பிடித்துக்கொண்டு
கண்ணாடியில் ஒரு வட்டம் துடைத்தேன்.