ஒன்பது பைகள்

மூன்று பேர் என்றுதான் என் பர்மிட்டில் இருக்கிறது.
காலை ஏழே முக்காலுக்கு ஒன்பது பைகள் தொங்கும்.
முன்சீட்டில் என் தொடையை நெருக்கியபடி
இந்தப் பக்கம் சுஹைல், அந்தப் பக்கம் பூமிகா.
மற்றவர்கள் பின்னால்,
ஜாடியில் திணித்த எலுமிச்சை ஊறுகாய்.
பத்தாவதாக என் மகள் எஸ்தர்.
காசு தராததால் கணக்கில் வரமாட்டாள்.

லிங்கராஜபுரத்திலிருந்து பள்ளிக்கூடம்
ஒன்றேகால் கிலோமீட்டர்.
மேம்பாலத்துக்கு அடியில் வண்டிகள் இறுகிவிட்டால்
நடைபாதைமேல் ஏற்றிவிடுவேன்.
நடக்கிறவர்கள் பல்லிபோலச் சுவரில் ஒட்டிக்கொள்வார்கள்.
அவர்கள் கன்னடத்தில் திட்டுவார்கள்,
நான் தமிழில் சில்லறை கொடுப்பேன்.

ஒரு வியாழக்கிழமை
எஸ்தர் வண்டியில் ஏறவில்லை.
"நடந்து வரேன்."
ஷூ கடிக்குமே என்றேன்.
"நேத்து நீ சுவத்துல ஒட்ட வெச்சது எங்க சௌபாக்யா மிஸ்ஸை."

அதற்கு என்னிடம் எந்த மொழியிலும் சில்லறை இல்லை.

அவள் பின்னால் முதல் கியரில் ஊர்ந்தேன்.
பத்தொன்பது வருஷம் ஓட்டிய தெரு
அன்றைக்குத்தான் கண்ணில் பட்டது.
ஒரு கல்பலகை ஆடுகிறது, கீழே சாக்கடை.
டிரான்ஸ்ஃபார்மர் நடைபாதையை முழுசாக விழுங்கியிருக்கிறது,
அங்கே யாரானாலும் ரோட்டுக்கு இறங்கியாக வேண்டும்.
பைக்குகளின் பிரேக் கம்பி
சரியாக அவள் கன்னத்து உயரத்தில் போகிறது.
நின்றாள். பார்த்தாள். இறங்கினாள்.
மறுபடி ஏறிக்கொண்டாள்.
என் வண்டியில் ஒன்பதும் மூச்சுவிடாமல் பார்த்தன.

மறுநாள் சுஹைல் இறங்கிக்கொண்டான்.
பிறகு பூமிகா, அண்ணனின் பழைய சைக்கிளில்,
செயின் மூடி இல்லாததால் பாவாடையைச் செருகிக்கொண்டு.
மாதக் கடைசியில் வண்டியில் நான்கு பேர்.
தவணைக்காரன் மட்டும் பழைய தொகையையே கேட்டான்.
கோபம்தான். இல்லையென்று சொல்லமாட்டேன்.
"உன் கூட்டாளிங்க என் கஞ்சியில கை வைக்கிறாங்க" என்றேன்.
எஸ்தர் டிபன் டப்பாவை மூடினாள்,
வேறெதுவும் செய்யவில்லை.

ஒரு காலை கம்மனஹள்ளிச் சவாரியோடு
சந்திப்புக்கு வந்தேன்.
ஆறு பிள்ளைகள் ஓரத்தில்,
ஒருவர் பையை ஒருவர் பிடித்தபடி.
யாரும் நிறுத்தவில்லை.
எனக்கு முன்னால் போன தண்ணீர் லாரி
வேகத்தைக்கூடக் குறைக்கவில்லை.

வண்டியைக் குறுக்கே திருப்பினேன்.
எஞ்சினை அணைத்தேன்.

பின்னால் பெங்களூரு முழுவதும் ஹாரன் அடித்தது.
இத்தனை வருஷம் நான் அடித்ததெல்லாம்
வட்டியோடு வந்து சேர்ந்தது.
"ஏனாய்த்து?" என்றார் சவாரிக்காரர்.
"மக்களு" என்றேன்.
கன்னடத்தில் அது பிள்ளைகள்,
தமிழில் கேட்டால் ஜனங்கள்.
எப்படிக் கேட்டாலும் சரிதான்.
எஸ்தர் கடைசியாகக் கடந்தாள், உள்ளங்கையை உயர்த்தி,
யாரோ ஒரு டிரைவரைப் பார்ப்பதுபோல் என்னைப் பார்த்து.

இப்போது தினமும் எட்டு ஐந்துக்குக் குறுக்கே நிற்கிறேன்.
மூன்று நிமிடம். மீட்டர் ஓடாது.
அந்த நேரத்தில்
எங்கள் தொழில் ரகசியங்களைக் காட்டிக்கொடுக்கிறேன்:
திரும்பும்போது நாங்கள் இடப்பக்கம் பார்ப்பதே இல்லை.
நின்ற பஸ்ஸுக்கு முன்னால் குறுக்கே ஓடாதே,
எனக்குப் பஸ் தெரியும், நீ தெரியமாட்டாய்.
மழை நாளில் மஞ்சள் கோட்டு போடு,
வைப்பர் துடைக்கிற அரைவட்டம்தான் எங்கள் உலகம்.
சைக்கிளா, நிறுத்திவைத்த காரிலிருந்து
ஒரு கதவு அகலம் தள்ளிப் போ.
ஓட்டுகிறவன் கண்ணைத் தேடு.
அது செல்போனில் இருந்தால்
பச்சை விளக்கையும் நம்பாதே.

"நீங்களும் அப்படித்தானா அங்கிள்?"
சுஹைல் கேட்டான்.

இருந்தேன் என்று சொல்ல வாயெடுத்தேன்.
நேற்று மாலை ஹென்னூர் ரோட்டில்
நடைபாதை காலியாகக் கிடந்தது,
முன்சக்கரம் தானாகவே திரும்பியது,
ஓரக்கல்லில் இடித்த பிறகுதான் நிறுத்தினேன்.

"பார்த்துப் போடா" என்றேன்.