எட்டுக்கும் பதினாறுக்கும் நடுவே

செவ்வாய்க்கிழமை வந்தது புதிய கேமரா.
பத்துக் கோடிப் புள்ளிகள் என்றான் ஸ்வோனிமிர்,
பெட்டியை இரு கையிலும் ஏந்தியபடி.
லென்ஸ் என்னவோ பழையதுதான்.
ஸாக்ரெப் வரைபடக் காப்பகத்தில்
ஒரு வருடத்துக்கு ஒன்றுதான் வாங்கலாம்.

மேசைமேல் ஆத்ரியாத்திக் கடலை விரித்தோம்.
செப்புத் தகட்டில் கீறி அச்சிட்ட கடல்.
தீவுகள் போக மிச்சமெல்லாம்
கிடைக்கோடு, கிடைக்கோடு, கிடைக்கோடு.
மயிரிழை அகலத்தில் ஒன்று
மயிரிழை இடம் விட்டு இன்னொன்று.

திரையில் பெரிதாக்கிப் பார்த்தால்
நடுவில் கடல் இருந்தது,
மூலைகளில் கஞ்சி.
உயிரெழுத்தே இல்லாத பெயர் கொண்ட க்ர்க் தீவு
மேல் மூலையில்
கரையும் இல்லாமல் குழைந்து கிடந்தது.

பழைய கேமரா இதைச் சொன்னதே இல்லை.
அதற்கிருந்த புள்ளிகள் ஒன்றரைக் கோடி,
கிடைத்ததைத் தின்றுவிட்டுத் தூங்குபவை.
இதற்கோ யானைப் பசி.
நாங்கள் நீட்டியது சோளப்பொரி.

படிவம் நிரப்பிக் கணக்குப் பிரிவுக்குப் போனேன்.
"கேமரா நன்றாக இருக்கிறது என்றீர்களே?"
"அதனால்தான் லென்ஸ் வேண்டும்" என்றேன்.
லுக்ரேசியா மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.
பிறகு, பேனா தாளைக் கிழிக்கும் அழுத்தத்தில்,
கையெழுத்துப் போட்டார்.

புது லென்ஸ் ஒரு பூசணிக்காயின் எடை.
ஐந்து புள்ளி ஆறில் முதல் படம்.
க்ர்க்குக்கு உயிர் வந்தது,
மூலை வரைக்கும் கரை, கரையில் துறைமுகம்,
துறைமுகத்தில் நகப்பிறை அளவு நங்கூரம்.
ஆனால் நடுக்கடலில்
யாரும் வரையாத அலைகள்.
ஊதா, பச்சை, செங்கல் நிறம்,
எண்ணெய் சிந்திய சாலையில் மழை தேங்கினாற்போல்.
தாளைத் தூக்கிப் பார்த்தேன்.
கடலில் கறுப்பு மை தவிர ஒன்றுமில்லை.

லென்ஸ் பொய் சொல்லவில்லை.
அது கொண்டுவந்த கோடுகளை
எண்ணி முடிக்கவில்லை சென்சார்.
எண்ணத் தவறிய சிறுவன்
கேட்டதும் வாயில் வந்ததைச் சொல்வதுபோல்
நிறங்களைச் சொல்லிவைத்தது.
கரும்புக் காட்டையே கொண்டுவந்து கொட்டினோம்,
யானைக்கு அஜீரணம்.

மென்பொருளில் வெளுத்துவிடலாம் என்றான் ஸ்வோனிமிர்.
வெளுத்தான்.
கடலோடு சேர்ந்து
நிலத்தில் யாரோ தூரிகையால் இட்ட
எல்லைக்கோட்டின் மங்கிய சிவப்பும் போயிற்று.
ஒரு நாட்டையே அழித்துவிட்டாய் என்றேன்.
இங்கே அது புதிதில்லை என்றான்.

இரவு தங்கினேன்.
இலிட்ஸா தெருவில் ட்ராம் போனால் மேசை நடுங்கும்,
கடைசி நீல வண்டி போகும்வரை
ஆறிய காபியோடு உட்கார்ந்திருந்தேன்.

எட்டில் வைத்தேன்: நிறம் வெளிறியது, விலகவில்லை.
பதினாறில் வைத்தேன்: எல்லாக் கோடும் அரைத்தூக்கத்தில்.
சின்னத் துளைக்குள் நெருக்கி நுழைகையில்
ஒளியே விளிம்பில் இடித்துக்கொண்டு சிதறுகிறது.
அதற்கு மாற்று லென்ஸ் எந்தக் கடையிலும் இல்லை,
லுக்ரேசியா கையெழுத்திட்டாலும்.

பதினொன்று.

கடல் அடங்கியது.
கறுப்பு, இடம், கறுப்பு, இடம்.
அத்தனை பணம் கொடுத்து வாங்கிய கூர்மையில்
ஒரு சிட்டிகை மழுக்கியிருந்தேன்,
கத்தியை இரவல் கொடுக்குமுன் செய்வதுபோல.

அப்போதுதான் பார்த்தேன்.
லஸ்தோவோவுக்குத் தெற்கே, ஆழ்கடலில்,
ஒரு கோடு மட்டும் வழுக்கி
பக்கத்துக் கோட்டின்மேல் ஏறி
வெட்கப்பட்டுத் தன் இடத்துக்குத் திரும்புகிறது.
உருப்பெருக்கியைத் தாளில் வைத்தேன்.
இருந்தது.
முந்நூறு வருடமாக இருந்திருக்கிறது.

காலையில் லுக்ரேசியா நேரே இங்கே வந்தார்.
"அந்த விலைக்கு என்ன கிடைத்தது?"
திரையைத் திருப்பிக் காட்டினேன்.
மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்,
மாட்டினார், குனிந்தார்.
"இது என் கண்ணா, உங்கள் லென்ஸா?"

"தும்மல்" என்றான் ஸ்வோனிமிர்
கதவருகே கோட்டைக் கழற்றிக்கொண்டே.
"அந்த ஆள் தும்மியிருக்கிறான்."